இருப்பவனுக்கு நீர்க்கடன்

விண்ணப்பத்தின் ஒன்பதாம் இனம் வரையில் அம்சத்தின் கை தயங்கவில்லை. பெயர், தகப்பனார் பெயர், ஊர் மேலக்கோரையூர், வயது இருபத்தொன்பது, பத்தாம் வகுப்பில் பெற்ற மதிப்பெண் நானூற்று முப்பத்தொன்று, படிப்பை நிறுத்திய வகுப்பு பதினொன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக நாற்றுமுடியையே பற்றிப் பழகிய விரல்கள். ஆயினும் எழுத்து குலையவில்லை. பத்தாம் இனத்துக்கு வந்ததும் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றுவிட்டது.

‘கணவரை இழந்தவர் / கணவரால் கைவிடப்பட்டவர். பொருந்தாததை அடிக்கவும்.’

“எதைக்கா அடிக்கிறது?” என்றாள்.

மேசைக்கு மறுபுறம் இருந்த சாவித்திரி, அந்த இடத்தில் பேனா நின்ற பெண்கள் பலரைப் பார்த்தவள். சிலர் அழுவார்கள், சிலர் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிறகு வராமலே இருந்துவிடுவார்கள்.

“முதல் வரியை அடிச்சிரும்மா. ரெண்டாவது அப்படியே இருக்கட்டும்.”

“அப்ப அவரு என்னைக் கைவிட்டுட்டாருன்னு நானே எழுதிக் குடுக்கிற மாதிரி.”

“நீ எழுத வேணாம். மேல உள்ளதை அடிச்சாப் போதும்.”

அம்சம் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தாள். “சரிதான். அவரு சாகலைன்னு மட்டும் அடிச்சுக் குடுக்கிறேன். அதுல ஒண்ணும் பாவம் இல்ல.” கோடு நேராக விழுந்தது.

மன்னார்குடியில் பெரிய குளத்துக்குத் தெற்கே உள்ள சந்தொன்றில் அந்தப் பயிற்சி நிலையம் இருந்தது. படிப்பை இடையில் விட்ட பெண்களை மறுபடி படிப்புக்கும் தொழிலுக்கும் கரையேற்றுவதற்கென்று ஓர் அறக்கட்டளை நடத்துவது. பத்து மாதம் அங்கேயே தங்கி இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வேலையைக் கற்கலாம். அதனோடு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வையும் தனித்தேர்வராக எழுதலாம். முடித்தவர்கள் திருத்துறைப்பூண்டியிலும் தஞ்சாவூரிலும் மருத்துவமனைகளில் வெள்ளை மேலங்கி அணிந்து நிற்பதைச் சாவித்திரியே கண்ணாரக் கண்டிருக்கிறாள். கணவனை இழந்தவர்க்கும் கைவிடப்பட்டவர்க்கும் அதில் நான்கு இடங்கள். அந்த ஆண்டு முப்பத்தெட்டுப் பேர் நேர்காணலுக்கு வந்ததில் நான்காவது பெயர் அம்சத்துடையது. ஆவணி இருபதாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் தாலுகா அலுவலகத்தின் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவருக்கு இடம் போய்விடும். விதி அவ்வளவுதான்.

சாவித்திரியும் அந்த வாசல் வழியாக வந்தவளே. கணவன் நெஞ்சுவலியில் போனபோது அவளுக்கு வயது முப்பத்தேழு. பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டோடு நின்றிருந்தது. அவனுடைய இறப்புச் சான்றின் நகலை எடுத்துக்கொண்டு இதே சந்துக்கு வந்தாள். படித்தாள், தேறினாள், இந்த மேசைக்கு இப்புறம் நாற்காலி கிடைத்தது. ஒன்பது ஆண்டுகளாக அந்த நாற்காலியிலிருந்து ஊர் ஊராகச் சென்று, வயலிலும் செங்கல் சூளையிலும் நிற்கும் பெண்களைப் பெயர் சொல்லி அழைத்து வருவதே அவள் தொழில். காலையில் சிவன் கோயிலுக்குப் போய்ச் சந்நிதியில் நின்று பதிகம் ஒன்றைப் பாடி முடித்த பிறகே அந்தத் தொழிலுக்குப் புறப்படுவாள். பாடத் தெரியாத பெண்களுக்கும் சேர்த்துத் தான் பாடுவதாக அவளுக்கு ஓர் எண்ணம்.

அம்சத்தின் கணவன் மருதையன் மலேசியாவுக்குப் போய் ஏழு ஆண்டாகிறது. இரண்டு ஆண்டுகள் தொலைபேசியில் பேசினான். பிறகு பேச்சு நின்றது. எண்ணும் மாறிப்போயிற்று. பிள்ளை இல்லை. வீட்டில் இருந்தவர்கள் இருவர்: மருமகள் அம்சமும், மாமியார் ராமாயியும். ஒரே நடவுக் கூட்டத்தில் ஒரே வரிசையில் நின்று நட்டுவிட்டு, ஒரே பாத்திரத்தில் சோற்றைப் பிசைந்து உண்பவர்கள். இருவரையும் பிணைத்திருந்த கயிறு கடலுக்கு அப்பால் எங்கோ அறுந்துபோன பின்னும், அறுந்தது தெரியாதவர்களைப் போல அவர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டிருந்தார்கள்.

சான்றிதழுக்கான விண்ணப்பம் இ-சேவை மையத்தின் வழியாகப் போன பத்தாம் நாள், வருவாய் ஆய்வாளர் ராஜ்குமார் சாவித்திரியை அழைத்தார். பொறுமையான மனிதர், இளம் வயது.

“மேடம், புருஷன் வீட்டுத் தரப்புல ஒருத்தர் வாக்குமூலம் வேணும். அம்மா இருக்காங்கல்ல? அவங்க கைநாட்டு போதுங்க.”

சாவித்திரி அந்த வாக்குமூலத்தைத் தானே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு, ஆடி முதல் வாரத்தில் மேலக்கோரையூருக்குப் பேருந்தேறினாள். கோரையாற்றில் தண்ணீர் செந்நிறமாகக் கரை தொட்டு ஓடிற்று. நாற்றங்கால்கள் பசேலென்று இருந்தன. அரசு கட்டிக்கொடுத்த ஒற்றையறை வீட்டின் வாசலில் ராமாயி கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது, உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றுமில்லை, நாக்கு மட்டும் தளரவில்லை.

“வாங்கம்மா, வாங்க. என் மருமவளைக் கூட்டிக்கிட்டுப் போவ வந்தீங்களா? இப்பவே கூட்டிக்கிட்டுப் போங்க. நடவு மெசினுக்கு இடுப்பு வலிக்காது, இவளுக்கு வலிக்குது. மெசினோட போட்டி போட்டு எத்தனை நாளைக்கு நடுவா?”

“உங்களுக்கு ஆள் வேணாமாம்மா, வீட்டுல?”

“எனக்கு என்ன. சண்டை போட ஆள் இருக்காது, அவ்வளவுதான். ஆட்டோட போட்டுக்கிறேன்.”

உள்ளேயிருந்து அம்சம் குரல் கொடுத்தாள். “ஆடு திருப்பிப் பேசாது அத்தை. ஒங்களுக்கு ருசிக்காது.”

பெட்டி கூட வாங்கியாயிற்று. பச்சை நிறத் தகரப் பெட்டி. அதன் மூடியில் அம்சத்தின் பெயரைப் பெயிண்டால் எழுதி வாங்கியிருந்தாள் ராமாயி. இவ்வளவு மனமுவந்து அனுப்புகிறவளிடம் ஒரு கைநாட்டுப் பெறுவதா பெரிது என்று எண்ணியே சாவித்திரி காகிதத்தை விரித்துப் படித்தாள்.

‘என் மகன் மருதையன் ஏழு ஆண்டுகளுக்கு முன் மலேசியாவுக்குச் சென்றவர், தம் மனைவி அம்சத்தைக் கைவிட்டுவிட்டார். ஐந்து ஆண்டுகளாக அவருக்கும் இவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.’

“இன்னொரு தடவ படிங்க,” என்றாள் ராமாயி.

படித்தாள்.

“தொடர்பு இல்லன்னு இருக்கே, அது சரி. ஊருக்கே தெரியும். அதுக்கு மின்னாடி இருக்கிற சொல்லு வேணாம்.”

“அந்தச் சொல்லுக்குத்தான்மா சர்டிபிகேட்டே.”

“குடிச்சான்னு எழுதுங்க, வைக்கிறேன். இவளை அடிச்சான்னு எழுதுங்க, அதுக்கும் வைக்கிறேன். பொண்டாட்டியக் கைவிட்டவன்னு சர்க்காருக்கு நானே எழுதிக் குடுத்தா, அவனை வளத்தவ என்ன ஆளுன்னு ஆவுது?”

அம்சம் வாசலுக்கு வந்தாள். “மலேசியாவுலேருந்து வந்த அன்சாரு பாத்தேன்னாரே அத்தை. கிள்ளான் கடைத்தெருவுல. தோள்ல ஒரு புள்ளைய வச்சிருந்தாருன்னு.”

“அன்சாருக்கு ஒரு கண்ணுல பூ விழுந்திருக்கு.”

“இன்னொரு கண்ணு நல்லாத்தானே இருக்கு?”

“ஒனக்கு என்னடி. புருசன் போனா இன்னொருத்தன் வருவான். எனக்கு இன்னொரு மருதையன் எங்கேருந்து வருவான்?”

“வர்றவன் யாருன்னு சொல்லுங்க, மொகத்தக் கழுவிக்கிட்டு நிக்கிறேன்.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது ராமாயி காகிதத்தை வாங்கி நான்காக மடித்தாள்; கீழே வைக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. சாவித்திரி ஒரு நாழிகை மன்றாடினாள். படிப்பைச் சொன்னாள், வெள்ளை மேலங்கியைச் சொன்னாள், நாற்பது வயதில் அம்சத்தின் இடுப்பு என்ன ஆகும் என்பதைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ராமாயி தலையை ஆட்டினாள். கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடித்தே வைத்திருந்தாள்.

பேருந்து நிறுத்தம் வரையில் ராமாயி கூட வந்தாள். வெயில் கொளுத்திற்று. சாவித்திரிக்குக் களைப்பு, அன்று இன்னும் இரண்டு ஊர்கள் போக வேண்டியிருந்தது. அந்தக் களைப்பில் அவள் வாயிலிருந்து வந்த சொற்களைப் பிற்பாடு அவள் எத்தனை முறை திரும்ப எடுக்க முயன்றாளோ தெரியாது.

“என்னைப் பாருங்கம்மா. எங்க வீட்டுக்காரர் போனாரு. ஒரே ஒரு பேப்பரைக் காட்டினேன், எல்லாக் கதவும் திறந்துச்சு. செத்தவர் பொண்டாட்டிக்கு ஒரு பேப்பர்ல முடிஞ்சிருது. இருக்கிறவர் பொண்டாட்டிக்குத்தான் இத்தனை அலைச்சல்.”

ராமாயி சாலையைப் பார்த்தபடி நின்றாள். “ஒரே பேப்பர்தானா?”

“ஒண்ணுதான்.”

பேருந்து வந்துவிட்டது.

மாமியார் மறுத்ததைச் சாவித்திரி ராஜ்குமாரிடம் மறைக்கவில்லை. “நீங்களே நேர்ல போய் விசாரிங்க சார். அக்கம்பக்கம் நாலு பேர் சொன்னாப் போதாதா?” என்று கேட்டாள். போதும் என்றார். ஆவணி பிறந்ததும் வருவதாகச் சொன்னார். சொன்னபடியே போயும் வந்தார்.

ஆவணி பதினாறாம் நாள் சாவித்திரி அவரைப் பார்க்கப் போனபோது அவர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். அந்த மரியாதையே அவளுக்கு அச்சம் தந்தது.

“மேடம், அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா?”

“இருக்கார் சார். மலேசியாவுல. பாத்தவங்க இருக்காங்க.”

“நான் ஆறு பேரைக் கேட்டேங்க. ஆறு பேரும் செத்துட்டார்ன்னாங்க. ஆடி அமாவாசைக்கு ஆத்தங்கரையில காரியம் பண்ணியாச்சுன்னாங்க. பந்தல் போட்ட குழி கூட வாசல்ல இன்னும் மூடலை.”

சாவித்திரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டாள்.

“நீங்க என்ன எழுதினீங்க?”

“கேட்டதைத்தான் எழுத முடியும். கணவர் இறந்துவிட்டதாக விசாரணையில் தெரியவருகிறது, எனவே கைவிடப்பட்டோர் சான்றுக்குத் தகுதியில்லைன்னு. அந்தம்மாகிட்டயே கேட்டேங்க, டெத் சர்டிபிகேட் இருந்தாக் குடுங்க, விதவைச் சான்றுக்கு மாத்திப் போட்டுரலாம்னு. ஆத்தங்கரையைக் காட்டுறாங்க.”

“மாத்தி எழுத முடியாதா சார்?”

“ஆன்லைன்ல ஏறிருச்சு மேடம். புதுசா மனு போடலாம். மறுபடி விசாரணை, அறிக்கை, மேல கையெழுத்து. ஒரு மாசத்துக்குக் குறையாது. அப்பவும் செத்தவர் எப்படிப் பொழைச்சார்ன்னு கேப்பாங்க.” சற்று நிறுத்திச் சொன்னார்: “நான் அன்னிக்குக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம். அல்லது அமாவாசைக்கு முன்னாடியே போயிருக்கலாம். ரெண்டும் இல்லாமப் போச்சு.”

அங்கிருந்து நேரே மேலக்கோரையூர். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. ஊர் எல்லையிலேயே அம்சத்தைக் கண்டாள். வயலிலிருந்து கரையேறி வந்தவளின் முழங்கால் வரையில் சேறு. கழுத்து வெறுமையாக இருந்தது. மஞ்சள் கயிறு கிடந்த இடத்தில் வெயில் படாத தோல் ஒரு வெளிறிய கோடாகச் சுற்றிக் கிடந்தது. கைகளில் வளையல் இல்லை.

“வாங்கக்கா,” என்றாள். குரல் எப்போதும் போலவே இருந்தது. “ஒங்களுக்குச் சொல்லணும்னு இருந்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லுவோம், இல்லன்னா தடுத்துருவாங்கன்னு அத்தை சொன்னாங்க.”

“நீ எப்படிம்மா சம்மதிச்சே?”

அம்சம் வரப்பில் அமர்ந்து வாய்க்கால் நீரில் காலை அலம்பினாள். “அத்தை ரெண்டு நாளு சாப்பிடலக்கா. மூணாம் நாளு எழுந்திரிச்சு, என் மவன் செத்துட்டான், ஒனக்கு வழி விட்டுட்டான்னாங்க. நான் என்ன சொல்ல? ஏழு வருசமா விளக்கு வைக்கிறப்பல்லாம் அவரு வருவாரான்னு நெனைக்கிறதுக்கு ஒரு முடிவு வேணும்னு எனக்கும் இருந்துச்சு. வைக்கோல்ல ஆளு கட்டினாங்க. கல்யாணத்துக்கு எடுத்த சட்டையப் போட்டாங்க. பங்காளி ஒருத்தரு தண்ணி ஊத்திக் கொள்ளி வச்சாரு. சட்டை நைலான் கலந்தது போல. வைக்கோலு எரிஞ்சு போச்சு, சட்டை மட்டும் உருகி மண்ணுல ஒட்டிக்கிச்சு.”

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

வாசலில் பந்தற்கால் நட்ட குழி திறந்தே கிடந்தது. ராமாயி எழுந்து வந்தாள். அவள் முகத்தில் துக்கத்தைக் காட்டிலும் பெரியதாக வேறொன்று இருந்தது. செய்ய முடியாததைச் செய்து முடித்துவிட்டு அதற்கான சொல்லை எதிர்பார்த்து நிற்பவர்களின் முகம்.

“ஒரே பேப்பர்ல முடியும்னீங்கல்ல. முடிச்சிட்டேன்மா. ஆறு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்னு சொல்லி வச்சேன். சொன்னாங்க. ஒருத்தர் நாக்கும் பெரளல. பேப்பர் எப்ப வரும்?”

சாவித்திரி அந்தப் பேப்பர் என்ன பேப்பர் என்பதைச் சொன்னாள். செத்தவன் செத்த ஊரில், அந்த ஊர் அரசாங்கம் எழுதித் தருவது அது. ஆற்றங்கரையில் வைக்கோலை எரிப்பவர்களுக்கு யாரும் அதைத் தருவதில்லை. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இப்போது இரண்டு சான்றும் இல்லை. சொல்லி முடிக்கும் வரையில் அவள் தரையைத்தான் பார்த்தாள். நிமிர்ந்தபோது ராமாயியின் வாய் சற்றே திறந்திருந்தது.

“நீங்கதானேம்மா சொன்னீங்க.”

“நான்தான் சொன்னேன்.”

“தண்ணி வாத்தாச்சே.”

“ஆமாம்மா.”

“வாத்த தண்ணிய எப்படி அள்றது? அவன் நாளைக்கு வந்து நின்னாக்கூட இந்த வாசலை மிதிக்க முடியாதே. செத்தவன் எப்படி வீட்டுக்குள்ள வருவான்?”

அம்சம் மாமியாரின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். “வர மாட்டாரு அத்தை. விடுங்க,” என்றாள். அந்த வீட்டில் ஏழு ஆண்டுகளாக எவரும் சொல்லாத சொல் அது. ராமாயி அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாட்காலையில் சாவித்திரி சந்நிதியில் நின்று வழக்கமான பதிகத்தைத் தொடங்கினாள். அடைந்தாரைக் கைவிடாதவன் என்று இறைவனைப் போற்றும் இடம் வந்தது. எத்தனையோ காலைகளில் நெய் போல் இறங்கிய அந்தச் சொல் தொண்டையில் நின்றது. அரசாங்கப் படிவத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே அச்சடித்திருக்கும் சொல்லும் அதுவே என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. குருக்கள் தீபத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “என்னம்மா, தொண்டை கட்டிண்டுதா?” என்று கேட்டார். அவள் தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள். சந்நிதியில் பாட்டு அரைகுறையாக நின்றது அதுவே முதல் முறை.

ஆவணி இருபது. நிலையத்தின் மேலாளர் மதிவாணன் காலையிலிருந்தே பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்.

“சாவித்திரி, நான் கல்லு இல்ல. ஆனா இந்த நாலு எடத்துக்கும் பணம் குடுக்கிறவங்க சான்றிதழ் பார்த்துத்தான் ஒப்புக்குவாங்க. போன வருஷம் ஒரு எடத்துக்குப் பேப்பர் லேட்டாகி, அந்த எடத்தையே நிறுத்திட்டாங்க. உங்களுக்கே தெரியும்.”

“ஒரு வாரம் சார்.”

“ஒரு வாரத்துல என்ன வந்துரும்? அவங்க வீட்டுக்காரர் வந்துருவாரா? வந்தாலும் எடம் கெடையாது, வராட்டாலும் கெடையாது.” அவர் சொன்னது நகைப்புக்காக அன்று, ஆனாலும் சொன்ன பிறகு தாமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

‘சான்று இணைக்கப்பட்டுள்ளது’ என்ற கட்டத்தில் ஒரு குறியிட்டால் போதும். அந்தக் கணினி சாவித்திரியின் கையில்தான் இருந்தது. முற்பகல் முழுவதும் அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளில் கண்டுபிடித்து அம்சத்தைப் பெட்டியோடு வெளியே அனுப்புவார்கள். அந்த இடமும் அடுத்த ஆண்டு யாருக்கும் இருக்காது. குறியிடாமல் திரையை மூடினாள். அஞ்சித்தான் மூடினாளா, நேர்மையால் மூடினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

நாலரை மணிக்கு வாசலில் நிழலாடிற்று. ராமாயி முன்னே, அம்சம் பின்னே. மதிவாணன் அறைக் கதவு திறந்தே இருந்தது. ராமாயி நேரே அவர் மேசை முன் போய் நின்று, இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். ஆடி மாதத்தில் நான்காக மடித்து அவளே வைத்துக்கொண்ட அதே வாக்குமூலம். அடியில் கட்டைவிரல் ரேகை நீல மையில் அழுந்தப் பதிந்திருந்தது. ஒன்றல்ல, முதலாவது தெளியவில்லை என்று பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் மூன்றாவது.

“வாயாலயும் சொல்லிடுறேன் சார்,” என்றாள். “என் மவன் மருதையன் உசுரோட இருக்கான். பொண்டாட்டியக் கைவிட்டுட்டுப் போயிட்டான். பெத்தவளையும் கைவிட்டுட்டுப் போயிட்டான். அவன் நல்லவன் இல்ல. போதுமா சார்? இன்னும் என்ன சொல்லணும்னு சொல்லுங்க, சொல்றேன்.”

மதிவாணன் எழுந்துவிட்டார். “உக்காருங்கம்மா மொதல்ல.”

“உக்கார வரல சார். நான் பண்ண தப்புக்கு இவ எடத்தை எடுக்காதீங்க. மவனைக் கொன்னவ நானு. இவ என்ன பண்ணா?”

“அம்மா, நீங்க எங்கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்லம்மா. அது தாலுகா ஆபீஸ்ல வந்திருக்கணும். அங்க உங்க மனு முடிஞ்சு போச்சு.”

“திருப்பிப் போடலாமே?”

“போடலாம். ஒரு மாசம் ஆவும். அதுக்குள்ள வகுப்பு ஆரம்பிச்சிரும்.”

ராமாயி சாவித்திரியைத் திரும்பிப் பார்த்தாள். பழி சொல்லும் பார்வை அன்று. கணக்குப் புரியாத பிள்ளை ஆசிரியையைப் பார்ப்பது போன்றது.

“அப்ப அவன் செத்தவனும் இல்ல, விட்டுட்டுப் போனவனும் இல்லையாம்மா? ஒங்க பேப்பர்ல என்னவா இருக்கான்?”

“ஒண்ணுமா இல்லம்மா,” என்றாள் சாவித்திரி.

ராமாயி அந்தக் காகிதத்தை மறுபடியும் மடித்தாள். இம்முறை மடிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அம்சம் அதை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி மேசைமேல் வைத்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த பட்டியலை அருகில் போய்ப் படித்தாள். நான்கு பெயர்கள், கோட்டுக்குக் கீழே காத்திருப்போர் மூவர்.

“அடுத்த வருசம் இருக்குமாக்கா?”

“இருக்கும். மனுவை நாளைக்கே திரும்பப் போடுறேன் அம்சம். நானே கூட வந்து ஒவ்வொரு வீடா நின்னு...”

“ஆறு பேரும் மறுபடி மாத்திச் சொல்லணுமேக்கா. செத்தவரைப் பொழைக்க வச்சாகணும். அதுக்கு ஊரு ஒத்துக்குமா?” அவள் குரலில் கசப்பில்லை. வயலில் எத்தனை முடி நாற்று மிச்சம் என்று எண்ணுகிறவளின் குரல் அது. “பாப்போம். இப்ப இந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணுங்க.”

“எந்தப் பொண்ணு?”

“கோட்டுக்குக் கீழ மொதல்ல இருக்கே. ரிஃப்கா. அதுவும் காலையிலேருந்து போனைக் கையில வச்சுக்கிட்டுத்தானே ஒக்காந்திருக்கும்.”

சாவித்திரி மதிவாணனைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து அடிக்க நான்கு நிமிடம் இருந்தது. தலையை அசைத்தார்.

சாவித்திரி எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“ரிஃப்கா இருக்காங்களா? மன்னார்குடி பயிற்சி நிலையத்துலேருந்து பேசுறேன்.”

“நான்தான்க்கா. ரிஃப்காதான் பேசுறேன். கெடைச்சிருச்சாக்கா?”

“கெடைச்சிருச்சும்மா. திங்கக்கிழமை காலையில வந்து சேரணும்.”

அந்தப் பக்கம் ரிஃப்காவின் குரல் சற்று விலகித் தாயை, “உம்மா, உம்மா” என்று அழைத்தது. அழைத்துவிட்டு மீண்டும் அருகே வந்தது. அறை அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் அது கேட்டது. ராமாயி பெஞ்சில் அமர்ந்து, நீல மை படிந்த கட்டைவிரலைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்சம் அவள் அருகே குனிந்து, தலைப்பின் வேறொரு முனையை நனைத்துக் கொடுத்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும்,” என்றது தொலைபேசி. “எங்க வீட்டுக்காரரோட டெத் சர்டிபிகேட்டை நான் லேமினேட் பண்ணி வச்சுட்டேன். நனைஞ்சு கினைஞ்சு போயிரக் கூடாதுன்னு. லேமினேட் பண்ணினா வாங்க மாட்டாங்கன்னு இங்க சொல்றாங்க. வாங்குவாங்களாக்கா?”

சாவித்திரி பட்டியலில் அம்சத்தின் பெயர்மேல் கோடு இழுத்தாள். நேராக விழவில்லை.

“வாங்குவாங்கம்மா,” என்றாள். “பத்திரமா எடுத்துட்டு வா.”